நட்சத்திரச் சீட்டைப் புரட்டிய விதம்

பொலிஸ் ஸ்ரேசனில் நீங்கள் தந்த பிளேன்ரீ நன்றாக இருந்தது. இஞ்சியை நசுக்கிப் போட்டிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் அந்த மினக்கேடு படுகிறார்கள்? என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் தாளும் பேனையும் எடுத்துத் தந்தீர்கள், அதற்கும் நன்றி. நான் சொல்ல நீங்கள் எழுதினால் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்பவள் நான். டாக்குத்தர்மாரின் கோழிக்கிறுக்கலை வாசித்து, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று உறையில் எழுதிக் கொடுக்கிற கை இது. வாசிக்க உங்களுக்குக் கஷ்டம் இராது.

என் பெயர் கனகலிங்கம் உதயகலா. வயது நாற்பத்தொன்பது. மணமாகவில்லை. மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில், அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் மருந்துக்கடை. பின்னேரத்தில் வீட்டின் முன்னறையில் டாரட் சீட்டுப் பார்ப்பேன். கொரோனாக் காலத்தில் ஊர் அடங்கிக் கிடந்தபோது போனைப் பார்த்துப் படித்தது. சல்லிக்காசு வாங்குவதில்லை. வாங்கினேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், முறைப்பாடு கொடுத்த தர்சிகாகூடச் சொல்லவில்லை.

தர்சிகா கொடுத்த முறைப்பாட்டை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். தன் தாய் குணலட்சுமிக்குத் தலைகீழ்ச் சீட்டைக் காட்டிப் பயப்படுத்தி, மார்பில் வந்த கட்டியை வெட்டியெடுக்க விடாமல் செய்து, நான் அவளைச் சாகடித்தேன் என்கிறாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை அப்படித்தான் பேசும். எனக்குக் கோபம் இல்லை. வாசித்து முடித்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அன்ரி, உந்தத் தலைகீழ்ச் சீட்டெண்டால் என்ன? அதைப் பாக்கத்தான் வேணுமோ?" என் பெறாமகள் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. ஆனால் கேட்டது நல்ல கேள்வி. முதலில் அதற்கு மறுமொழி எழுதுகிறேன்.

ஒரு சீட்டுக்கட்டில் எழுபத்தெட்டுச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம். கலைக்கும்போது சில சீட்டுகள் தலைகீழாகத் திரும்பிவிடும். அப்படி வந்தால் நல்லது கெட்டதாகும், வரவேண்டியது தடைப்படும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். இன்னொரு சாரார், படம் படம்தான், அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பலன் சொல்லு என்பார்கள். போனில் இதற்கென்று குழுக்கள் இருக்கின்றன, அங்கே அடிபிடிதான். நான் எப்போதும் இரண்டாவது கட்சி. கட்டைக் கையில் எடுக்கும் முன்னமே எல்லாச் சீட்டையும் நேராக அடுக்கிவிடுவேன். எங்கள் சனம் ஏற்கெனவே பயந்துதான் வருகிறது. விசா, மகளின் செவ்வாய்க் குற்றம், களவாக ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டுப் போலந்துக் காட்டுக்குள் போய் ஒரு மாதமாகக் கதைக்காத மகன். இவர்களுக்கு முன்னால் தலைகீழ்ச் சீட்டை நீட்ட என்ன தேவை?

நேராக இருக்கும் சீட்டிலும் பயங்கரமானவை உண்டு. கோபுரம் இடிந்து ஆட்கள் விழுகிற சீட்டு ஒன்று. அது வந்தால், "பழைய வீட்டை இடிச்சுப்போட்டு மாடிவீடு கட்டப் போறியள்" என்பேன். மரணச் சீட்டு வந்தால், "பழைய கஷ்டம் செத்துப்போச்சு" என்பேன். வந்தவர்கள் முகம் தெளிந்து போவார்கள். அதனால் கெட்டுப்போனவர் ஒருவரும் இல்லை. இதற்குக் கீழே நீங்கள் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இனிக் குணலட்சுமி. நானும் அவளும் ஒரே வகுப்பு. அவள் கணக்கில் கெட்டிக்காரி. படித்து ரீச்சரானாள், ரியூசனும் கொடுத்தாள். புருசன் பஞ்சலிங்கம் அண்ணை வெங்காயத் தோட்டம் செய்கிறவர், வாய் பேசாத மனுசன். ஒரே மகள் தர்சிகா, கொழும்பில் வேலை. நான் சீட்டுப் படித்ததும் முதன்முதல் பலன் சொன்னது குணாவுக்குத்தான். வாராவாரம் வருவாள், தேத்தண்ணி குடிப்பாள், பலன் கேட்பாள், சிரிப்பாள். எனக்கென்று வந்துபோகிற ஆள் அவள் ஒருத்திதான். அவளில் எனக்கு நல்ல விருப்பம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் மருதனார்மடத்து மண்டபத்தில் ஒரு சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. பிள்ளையின் தாய் எல்லாருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தா. உதயா சொன்னதெல்லாம் பலிச்சது என்றா. பக்கத்துக் கதிரையில் இருந்த குணா, வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உவளின்ரை கட்டிலை கெட்ட சீட்டே கிடையாது. யார் போனாலும் சீனித்தண்ணிதான் கரைச்சுக் குடுப்பாள்."

இருபது முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கிழமை சந்தையில் தக்காளி வாங்க நிற்கிறேன், பின்னால் ஒரு குரல், "சீனித்தண்ணி அக்கா நிக்கிறா, வழிவிடு." மருந்துக்கடையில் ஒரு பொடியன் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள் கேட்டுவிட்டு, "அக்காவின்ரை கையாலை கரைச்சால் இன்னும் இனிக்கும்" என்றான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் அது ஆளோடு சுடலை வரைக்கும் வரும், பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, அது வேறு கதை. முன்னறைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வந்தவர்களும் நான் நல்லது சொல்லும்போது ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரவில் நித்திரை இல்லாத அளவுக்கு வெட்கம். ஆனால் குணாவிடம் நான் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நான் கோபக்காரி அல்ல. அவளுக்கு ஞாபகமே இருந்திராது.

போன வருடம் தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் குணா ஒரு பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். மார்பில் கட்டி. ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்திருந்தார்கள். தாளை என்னிடம் நீட்டினாள். அந்தத் தாளை வாசித்து விளங்கக்கூடிய ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் வேறு யாரும் இல்லை. சின்னக் கட்டி, தொடக்கம்தான், வேறு எங்கும் பரவவில்லை. வெட்டியெடுத்து மருந்தும் ஏற்றினால் தர்சிகாவின் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத்தான் போவாள். டாக்குத்தரும் அவளுக்கு அதையேதான் சொல்லியிருந்தார். மூன்று கிழமையில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள்.

"எடி உதயா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். "ஒருக்காச் சீட்டுப் பார். ஆனா எனக்கு உந்தச் சீனித்தண்ணி வேண்டாம். தலைகீழா வந்தால் தலைகீழாவே சொல்லு."

"தாங்குவியோ?"

"நான் கணக்கு ரீச்சர். விடை என்ன வந்தாலும் தாங்குவன்."

ஆக, அவளுக்கு ஞாபகம் இருந்தது.

இங்கே ஒரு தொழில் விசயம் சொல்ல வேண்டும். மூடிக் கிடக்கும் சீட்டைப் புத்தகத் தாளைப்போலப் பக்கவாட்டில் புரட்டினால், அது நேராக இருந்தால் நேராகவே வரும். கலண்டர்த் தாளைத் தூக்குவதுபோலக் கீழிருந்து மேலே புரட்டினால் தலைகீழாக வரும். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தலைகீழ்ச் சீட்டைப் பார்க்கலாமா கூடாதா என்று உலகமெல்லாம் சண்டை பிடிக்கிறவர்கள் புரட்டுகிற மணிக்கட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

குணா மூன்று சீட்டு எடுத்தாள். நட்சத்திரம். சிங்கத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். சூரியன். சுகம், பலம், ஆயுள். நோயாளிக்கு இதைவிட நல்ல மூன்று சீட்டு அந்தக் கட்டில் கிடையாது. நான் மூன்றையும் கலண்டர்த் தாளைப்போலப் புரட்டினேன்.

அவள் நட்சத்திரச் சீட்டைத்தான் கனநேரம் பார்த்தாள். ஒரு பெண் குளக்கரையில் முழங்காலிட்டு இரண்டு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற படம்.

"இதென்னடி, தண்ணி மேலை ஓடுது?"

"ஓம். வெளியிலை வரவேண்டியது வெளியிலை வராது. திரும்பி உள்ளுக்கை போகுது."

"வெட்டினால் பரவும் எண்டுறியோ?"

கவனியுங்கள், அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். கத்தி பட்டால் பரவும் என்று எங்கள் ஊரில் படிக்காததுகளும் சொல்லும், படித்ததுகளும் சொல்லும். மருந்துக்கடைக்கு வருகிற நூறு பேருக்கு நான் அது பிழை என்று விளங்கப்படுத்தியிருக்கிறேன். குணாவுக்கு நான், "சீட்டு உப்பிடித்தான் விழுந்திருக்கு. மற்றது உன்ரை விருப்பம்" என்றேன். அவளுடைய வாய் காய்ந்துபோனது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சீனி போடவில்லை.

ஒப்பரேசனுக்குக் கொடுத்த நாளில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசினாள். ஒவ்வொரு கிழமையும் என்னிடம் வந்து, "இப்ப எப்பிடி இருக்கு, பார்" என்பாள். நான் புரட்டுவேன். நான்காம் கிழமையோ ஐந்தாம் கிழமையோ நேராக ஒன்றைக் காட்டினேன், எல்லாமே தலைகீழாக வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். தர்சிகா கொழும்பிலிருந்து எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அன்ரி, அம்மா என்ரை சொல்லுக் கேக்கிறா இல்லை. அப்பாவும் பேசாமல் இருக்கிறார். நீங்கள் சொன்னால் கேப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்." நான் சொல்லிப் பார்க்கிறேன் பிள்ளை என்றேன். அன்று பின்னேரம் குணா வந்தபோது தர்சிகா அழுததை அப்படியே சொன்னேன். அதோடு, "நீ போறதெண்டால் போ, நான் மறிக்கேல்லை" என்றும் சொன்னேன். அவள் போகவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறின கிழமை என்று நினைக்கிறேன். குணா என் முன்னறையில் இருந்து அழுதாள். கட்டி சட்டைக்கு மேலால் தடவினாலும் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. "உதயா, அண்டைக்கு மண்டபத்திலை உன்னைச் சீனித்தண்ணி எண்டு சொல்லிப்போட்டன். உள்ளதை உள்ளபடி சொன்னது நீ ஒருத்திதான். என்னை மன்னிச்சுக்கொள்ளடி."

எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று எழுத வெட்கப்படவில்லை. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவளுடைய கையைப் பிடித்து, மன்னித்துவிட்டேன் என்றேன். உண்மையாகவே மன்னித்தேன். அதற்குப் பிறகு அவள்மேல் எனக்கு ஒரு துளி மனத்தாங்கலும் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஐப்பசியில் தர்சிகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வீட்டில் பெரிய சண்டை பிடித்தாள். தாயை இழுத்துக்கொண்டுபோய் டாக்குத்தரிடம் காட்டினாள். கட்டி வளர்ந்துவிட்டது, கக்கத்திலும் நெறிகட்டியிருக்கிறது, ஆனாலும் இன்னும் கைமீறவில்லை, உடனே வெட்டினால் காப்பாற்றலாம் என்று அவர் சொன்னார். அடுத்த திங்கட்கிழமைக்கு நாள் வைத்தார்கள். குணாவும் ஓமென்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தபோது பையெல்லாம் அடுக்கியாகிவிட்டது என்றாள்.

அன்று நான் சமைக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒன்பது மாதத்தில் ஊர் மாறியிருந்தது. குணாவுக்கு உதயா முகத்துக்கு நேரே தலைகீழ்ச் சீட்டுச் சொன்னாளாம், பயமில்லாத பொம்பிளை என்று கதைத்தார்கள். முன்னறையில் கதிரை போதாமல் அடுத்த வீட்டில் இரவல் வாங்கினேன். சந்தையில் என்னை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இனி, குணா திங்கட்கிழமை வெட்டி, சுகப்பட்டு, பங்குனித் திங்களுக்கு எழுந்து நடந்து கோயிலுக்கு வருகிறாள் என்று வையுங்கள். அப்போது என் சீட்டு என்னவாகும்? கத்தி பட்டால் பரவும் என்று சொன்னது யார் என்று கேட்பார்கள். கேட்டுச் சிரிப்பார்கள். குணாவே முதலில் சிரிப்பாள், அவளுக்குச் சிரிக்காமல் இருக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை குணா எங்கள் ஒழுங்கைப் பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்க்கப் போகிறேன் என்றாள். உங்களுக்குத் தெரியும்தானே, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிச் சாமியின் காலடியில் வைப்பது. எங்கள் வீடுகளில் கல்யாணமும் அப்படித்தான், ஒப்பரேசனும் அப்படித்தான். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கேட்கிறவர் பூவைக் கட்டக்கூடாது. தர்சிகா தான் கட்டுகிறேன் என்றாள். குணா விடவில்லை.

"உனக்கு ஆசை ஒரு பக்கம், அப்பாவுக்குப் பயம் ஒரு பக்கம். உதயா கட்டட்டும். அவளுக்கு ஒரு பக்கமும் இல்லை."

நான் வீட்டில் கட்டிக்கொண்டு போனேன். ஐயர் இரண்டையும் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். குணா கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு, செவ்வரத்தம்பூ. தர்சிகா தேர்முட்டியில் குந்தியிருந்து குழறினாள். குணா அழவில்லை, "பிள்ளையாரும் அதைத்தான் சொல்லுறார்" என்றாள். திங்கட்கிழமை அவள் போகவில்லை. ஆக, தர்சிகாவின் முறைப்பாடு பிழை. அம்மாவைக் கடைசியாக மறித்தது சீட்டு இல்லை, பூ. அது அவளுக்கே தெரியும். சாமியின்மேல் முறைப்பாடு எழுத முடியாததால் என் பெயரை எழுதியிருக்கிறாள்.

மாசியில் குணாவின் கை வீங்கியது. பிறகு மூச்சு. இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்தான் பார்த்தேன். கஞ்சி பருக்கினேன், உடம்பு துடைத்தேன், மருந்துக்கடையிலிருந்து நோவுக் குளிசை நேரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஞ்சலிங்கம் அண்ணையைக் கேளுங்கள், "உதயா இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்" என்பார். சித்திரை பிறந்து ஆறாம் நாள் என் மடியில் தலை வைத்தபடி போய்விட்டாள். செத்தவீட்டில் இரண்டு பேர் எனக்குப் பின்னால் நின்று, "உதயா முதலே சொன்னவ" என்று கதைத்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்குக் குணாவுக்குப் பிடித்த சாமான் எல்லாம் நானே சமைத்தேன்.

இதோடு நீங்கள் பைலை மூடிவிடலாம். சீட்டுப் பார்த்ததற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவீர்கள்? ஆனால் நான் உண்மை பேசுகிறவள் என்று ஊர் சொல்கிறது, அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். அதனால் யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வளவில் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. நான் அதில் கை வைக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரத்தம்பூதான் வைத்துக் கட்டினேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அது சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி. மற்றதைக் கிணற்றில் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஒன்று, அதையும் பிரித்துக் காட்டு என்று குணா ஒரு சொல் கேட்டிருந்தால், பிள்ளையார் அறியப் பிரித்துக் காட்டியிருப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது.